நாற்பத்தேழாம் நம்பர் கார்டு

ராயபுரம்
20.1.2002

அன்புத் தம்பி அருள்பிரகாசத்துக்கு,

அக்கா ஐரீன் எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பஹ்ரைன் குளிர் எப்படி? நான் கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைப் போடுகிறாயா, இல்லை பக்கத்துக் கட்டில்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயா? நீ கொடுத்திருப்பாய். உன் புத்தி எனக்குத் தெரியாதா.

ஒரு சேதி. உன் அக்கா இப்போது ஆராய்ச்சி பண்ணுகிறாள். சிரிக்காதே. போன வாரம் டாக்டர் செல்வநாதன் எங்கள் டி.பி. க்ளினிக் ஊழியர் எல்லோரையும் உட்காரவைத்து, வெளியிலிருந்து யார் யாரோ வந்து நம்மைப் பற்றி எழுதிவிட்டுப் போகிறார்கள், தெருத்தெருவாக நடக்கிற உங்களுக்குக் கேட்க ஒரு கேள்விகூடவா இல்லை என்று கேட்டார். என்னோடு வேலை பார்க்கும் காஜா மொய்தீன் அண்ணன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பொம்பளைங்க ஏன் பாதி மருந்தில் நின்றுபோகிறார்கள் என்று கேட்டேன். ஆம்பிளை நின்றால் குடி, இல்லை வேலை. பொம்பளை ஏன் நிற்கிறாள் என்று எந்த ஃபாரத்திலும் எழுதியிருக்காது. 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதையே எடுத்துச் செய் என்று சொல்லிவிட்டார்.

பதினான்கு வருஷமாக நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். நோயாளி பேர் போட்ட பெட்டியை எடுப்பேன், மாத்திரையைக் கையில் கொடுப்பேன், விழுங்குவதைக் கண்ணால் பார்ப்பேன், பிறகு அவர் கார்டில் அன்றைய கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைப்பேன். வாரம் மூன்று நாள், ஆறு மாதம். இப்போது அதோடு ஒரு நோட்டும் பேனாவும் சேர்ந்திருக்கிறது.

இன்று காலை உன் பெண்டாட்டியும் மகளும் பூசைக்கு வந்திருந்தார்கள். ஹெப்சி உயரமாகிவிட்டாள். எல்சி கொஞ்சம் இருமுகிறாள். இந்தப் பனிக்கு ராயபுரமே இருமுகிறது, நீ கவலைப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஐரீன்


தண்டையார்பேட்டை
2.2.2002

அண்ணிக்கு எல்சி எழுதறது,

ஹெப்சி கிட்ட குடுத்து அனுப்பறேன். ஒட்டிதான் குடுத்துகீறேன், அது படிக்காது.

நேத்து நீங்க என் சளியில கிருமி கீதுன்னு சொன்னதுலேர்ந்து எனுக்கு கையும் ஓடல காலும் ஓடல. ஹெப்சிக்கு டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னீங்களே, அது போதும். எனுக்கு ரெண்டு விஷயம் நீங்க பண்ணணும்.

ஒண்ணு, அவருக்கு எழுதாதீங்க. தெரிஞ்சா அந்த நிமிசமே எல்லாத்தயும் போட்டுட்டு வந்து நிப்பாரு. கான்ட்ராக்ட்டுல இன்னும் பதினாலு மாசம் கீது. பாதியில வந்தா மறுபடி எவன் கூப்புடுவான்?

ரெண்டு, நான் க்ளினிக்குக்கு வரமாட்டேன். அந்த க்யூல எங்க ஸ்டோர்ல குடியிருக்கறவங்க யாராச்சும் பாத்தா, வூட்டுக்கார ராஜாத்தியம்மா அன்னிக்கே சாமான தூக்கி ரோட்டுல வெச்சிடும். எட்டு குடும்பம், ரெண்டு கக்கூஸு, ஒரு கொழா. இங்க எதயும் மறைக்க முடியாது அண்ணி. நீங்களே மாத்திரய பைல போட்டு வூட்டுக்குக் கொண்டாந்துடுங்க. நாத்தனார் வந்து போறத யாரும் இன்னான்னு கேக்கமாட்டாங்க.

உங்க காலுல வுழுந்து கேக்கறேன்.

எல்சி


பஹ்ரைன்
21.2.2002

ஆராய்ச்சி அக்காவுக்கு,

தம்பி அருளின் வணக்கம். நான் நலம். ஸ்வெட்டர் என்னிடம்தான் இருக்கிறது. ரூமில் எட்டு பேர், ராத்திரி முறை வைத்துப் போடுகிறோம். அதனால் நீ சொன்னதும் பொய் இல்லை, நான் சொல்வதும் பொய் இல்லை.

உன் கடிதத்தை ரூமில் சத்தமாகப் படித்தேன். எங்க அக்கா ஆராய்ச்சி பண்ணுதுடா என்றதும், எத்தை என்று கேட்டான்கள். சளி என்றேன். ஒருத்தனும் அன்று சாம்பார் தொட்டுக்கொள்ளவில்லை.

இங்கே யார்டில் ஒரு எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கிறது. அடித்தட்டில் படுத்துக்கொண்டு வெல்டிங். கல்மண்டபம் ஷெட்டில் படகுக்கு ஒட்டுப்போட்ட கைக்கு இதெல்லாம் கனவு மாதிரி இருக்கிறது. போன மாசம் எல்லோருக்கும் மெடிக்கல் நடந்தது. நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். ஒரு ஆந்திராக்காரனுக்கு நிழல் தெரிந்தது என்று அந்த வாரமே ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். பெட்டி கட்டக்கூட விடவில்லை. பயத்தில் நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை.

எல்சி கடிதம் முன்னே மாதிரி இல்லை அக்கா. ஒரு பக்கத்தைத் தாண்டமாட்டேன் என்கிறது. அதிலும் பாதி ஹெப்சி எழுத்து. என் மேல் கோபமா என்று நைசாகக் கேட்டுச் சொல்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். வெயிலில் நிற்காதே.

அன்புடன் தம்பி
அருள்


ராயபுரம்
15.3.2002

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படத்தில் ஒன்றுமில்லை என்று படித்ததும் அந்தோணியார் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். எல்சிக்கு உன் மேல் கோபமெல்லாம் இல்லை. வீட்டு வேலை அவளுக்கு, எழுத உட்கார நேரமில்லை.

ஆராய்ச்சி ஓடுகிறது. க்ளினிக்குக்கு வர முடியாத இருபத்திரண்டு பெண்களைப் பிடித்திருக்கிறேன். காலையில் டியூட்டிக்கு முன்னால் நானே அவர்கள் வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுக்கிறேன். காய்கறிப் பையில் போட்டு எடுத்துப்போகிறேன், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராது. வீடு தேடிப் போனால் ஒருத்தியும் நிற்கமாட்டாள் என்பது என் கணக்கு. டாக்டருக்கும் சம்மதம். ஒரே நிபந்தனை, விழுங்குவதை நின்று பார்க்கவேண்டும்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்கவேண்டும். 47-ம் நம்பர் கார்டு என்று ஒருத்தி. பேர் சொல்லக்கூடாது. முப்பது வயதுகூட ஆகவில்லை. புருஷன் வடக்கே லாரி ஓட்டப்போனவன், இப்போதைக்கு வரமாட்டான். அவனுக்குச் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதா, கட்டினவனுக்குத் தெரியவேண்டியதைச் சொல்வதா என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. நீயும் பெண்டாட்டியைவிட்டுத் தூரத்தில் இருப்பவன். அந்த இடத்தில் நீ இருந்தால் உனக்குச் சொல்லவேண்டும் என்பாயா? யோசித்து எழுது. நீ என்ன எழுதுகிறாயோ அப்படியே செய்வேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அக்கா


பஹ்ரைன்
8.4.2002

அக்காவுக்கு,

நான் சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது, கப்பலுக்குள் ஆறு மணிக்கே இறங்கிவிடுகிறோம்.

நீ கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். லாரிக்காரனுக்குச் சொல்லாதே. சொன்னால் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வான்? எங்கேயாவது மரத்தில் கொண்டுபோய் மோதுவான். அவள் பக்கத்தில் நீ இருக்கிறாய், மருந்து இருக்கிறது. அவன் வந்து புதிதாக என்ன கிழிக்கப்போகிறான்? ஆறு மாசம் கழித்து, இப்படி இருந்தது, சரியாகிவிட்டது என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். கொஞ்சம் கோபப்படுவான், அப்புறம் கும்பிடுவான். நானாக இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன். தூரத்தில் இருக்கிறவனுக்கு நல்ல சேதி மட்டும்தான் அக்கா தாங்கும்.

அந்தப் பெண்ணுக்கு நான் ஜெபிப்பதாகச் சொல்.

எல்சிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஹெப்சிக்குக் கலர் பென்சில், சங்கர் என்கிற பையன் லீவில் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தம்பி
அருள்


ராயபுரம்
18.8.2002

அன்புத் தம்பிக்கு,

ஐந்து மாதமாகக் கடிதம் போடவில்லை என்று வெள்ளிக்கிழமை போனில் திட்டினாய். திட்டு, எனக்கு வேண்டியதுதான். நலம்தானே? உன் கையில் பட்ட தீக்காயம் ஆறிவிட்டதா? போனில் ஆறிவிட்டது என்றாய், உன் பேச்சை நம்ப முடியாது.

வேலை முடிந்தது. இருபத்திரண்டில் இருபத்திரண்டு! ஒருத்திகூட நிற்கவில்லை. கடைசி டெஸ்ட்டிலும் யாருக்கும் கிருமி இல்லை. போன புதன்கிழமை ஒரு பெரிய ஹாலில் டாக்டர்களுக்கு முன்னால் என் கட்டுரையைப் படித்தேன். கேட்கிற நேரத்தில் ஒரு வயதான டாக்டர் எழுந்து, ஒவ்வொரு வேளையும் நின்று பார்த்தீர்களா அம்மா என்றார். பார்த்தேன் சார் என்றேன். கைதட்டினார்கள். ஷீல்டு கொடுத்தார்கள். காஜா மொய்தீன் அண்ணன் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார்.

உண்மையைச் சொன்னால் சில வீட்டில் நிற்க நேரம் இருக்காது. வெறும் வயிற்றில் குமட்டுகிறது, சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்பார்கள். அடுத்த முறை போகும்போது காலி மாத்திரை அட்டையைக் கையில் கொடுப்பார்கள். காலி அட்டை வந்தால் மாத்திரை உள்ளே போயிற்று என்றுதானே அர்த்தம். இதையெல்லாம் ஹாலில் எதற்குச் சொல்லவேண்டும்?

47-ம் நம்பர் பற்றி நீ எழுதியதை அப்படியே செய்தேன். அவளும் மருந்தை முடித்துவிட்டாள். கட்டுரையில் 'தூரத்தில் இருக்கும் கணவர்களின் கருத்து' என்று உன் வரி ஒன்றைப் போட்டிருக்கிறேன், பேர் போடாமல். நீயும் ஆராய்ச்சியில் இருக்கிறாய், போ.

எல்சி கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நீ வரும்போது பார்ப்பாய்.

சந்தோஷத்தோடு
அக்கா ஐரீன்


தண்டையார்பேட்டை
5.10.2002

அண்ணிக்கு,

நேர்ல சொல்ல தைரியம் இல்ல. காலையில இருமும்போது ரத்தம் வந்துச்சு. ரெண்டு வாரமாவே வருது. ஹெப்சி பாத்துடுச்சு.

நான் உங்களுக்கு துரோகம் பண்ணிட்டேன் அண்ணி. ஏப்ரலு வரிக்கும் ஒழுங்காதான் போட்டேன். அந்த மாத்திர போட்டா ஒண்ணுக்கு ரத்தம் மாதிரி செவப்பா போவுது. நீங்க மொதல்லயே சொன்னீங்க, அது மருந்துதான், பயப்படாதன்னு. எனுக்கு பயம் இல்ல. ஆனா எங்க கக்கூஸுல தண்ணி கெடையாது, ஒரு சொம்பு ஊத்தினா போவாது. எனுக்கு அப்பால போன ராஜாத்தியம்மா பாத்துட்டு, கொழாகிட்ட எல்லார் முன்னாலயும் நின்னு, புருசன் ஊர்ல இல்ல, இவளுக்கு இன்னா செவப்பா போவுது, எத்த கலைச்சுகினு வந்தாளோன்னு கேட்டுச்சு. அன்னிக்கே செத்துடலாம்னு இருந்துச்சு. வியாதின்னு சொன்னா வூடு போவும். சொல்லலன்னா மானம் போவும்.

அன்னிலேர்ந்து போடல. நல்லாதான இருந்தேன், இருமலும் நின்னு போச்சு. மாத்திரய பிச்சி சாக்கடையில போட்டுட்டு காலி அட்டய உங்க கையில குடுத்தேன். கடைசி டெஸ்ட்டுக்கு வெறும் எச்சிதான் துப்பி குடுத்தேன். நீங்க என்ன நம்பி டிக்கு போட்டுகினு போவீங்க. ஒரு நாளு நீங்க நின்னு பாத்திருந்தா நான் முழுங்கியிருப்பேன் அண்ணி. உங்க முன்னால என்னால துப்பியிருக்க முடியாது.

அவருக்கு இப்பவும் சொல்லாதீங்க.

எல்சி


பஹ்ரைன்
25.10.2002

அக்கா,

நலம் கேட்டு எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை. மூன்று வெள்ளிக்கிழமையாகப் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுகிறேன், எல்சி வரவில்லை. ஹெப்சிதான் வருகிறாள். அம்மா எங்கே என்றால் கடைக்கு என்கிறாள், தூங்குது என்கிறாள். போன வாரம் ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டாள். நீ பின்னாலிருந்து போனை வாங்கி, எண்ணூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாய். சைமன் மச்சானுக்கு நேற்று போன் போட்டேன். தங்கச்சி இங்கே வரவே இல்லை என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தமாதிரி, ஆமாம், வந்தது, போய்விட்டது என்றார்.

எல்சிக்கு என்ன? ஓடிப்போய்விட்டாளா, செத்துப்போய்விட்டாளா? எதுவாக இருந்தாலும் சொல். வெல்டிங் ராடு கையில் நிற்கவில்லை, ஃபோர்மேன் என்னைக் கீழே இறக்கி உட்காரவைத்திருக்கிறான். சொல்லு அக்கா.

அருள்


ராயபுரம்
12.11.2002

தம்பி அருளுக்கு,

எல்சி உயிரோடு இருக்கிறாள். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறாள், ஒரு மாதமாக. அவளுக்கு டி.பி. இரண்டு பக்கத்து நுரையீரலும் போய்விட்டது. நான் கொடுத்த மருந்துக்கு அந்தக் கிருமி இப்போது அடங்குவதில்லை என்கிறார்கள். வேறு மருந்து ஏற்றுகிறார்கள், உடம்பு ஏற்கவில்லை.

47-ம் நம்பர் கார்டு எல்சி. லாரிக்காரன் என்று யாரும் இல்லை. நீதான் அது. அவள் சொல்லாதே என்றாள், எனக்குத் தனியாக முடிவெடுக்கத் திராணி இல்லை. அதனால் உன்னையே கேட்டேன், நீ என்று தெரியாமல் உன்னைச் சொல்லவைத்தேன். உன் பதில் வந்த அன்று நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இப்படி ஒரு காரியத்தை வேறு எந்த அக்காவும் செய்திருக்கமாட்டாள்.

சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் மருந்து கொடுக்கக்கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. பாசத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்பதால் வைத்த விதி. பயிற்சியில் அதைப் பத்துத் தரம் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் மூடிக்கொள்ளமாட்டேன் என்று நினைத்தேன். மொத்தம் எழுபத்தெட்டு வேளை. அதில் முதல் இருபதோ என்னவோதான் கண்ணால் பார்த்தேன். மீதி எல்லாம் அவள் நீட்டிய காலி அட்டையைப் பார்த்துப் போட்ட டிக். அவள் ஏன் நிறுத்தினாள் என்பதை அவளே எழுதியிருக்கிறாள், அந்தச் சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். அவள் மேல் கோபப்படாதே. கேள்வி கேட்கக் கிளம்பியவள் நான். வாரம் மூன்று நாள் அவள் வாசலில் போய் நின்றேன், ஏன்டி முகம் வாடியிருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு வரவேண்டும் என்கிற நினைப்பு.

எண்ணூருக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொன்னது நான்தான். சைமனையும் அப்படியே சொல்லச் சொன்னதும் நான்தான். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று அவளிடம் உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. "அவரு வந்துகினு கீறாரா?" என்று மட்டும் கேட்டாள்.

எப்படியாவது புறப்பட்டு வா.

ஐரீன்


பஹ்ரைன்
9.2.2003

ஐரீன் அக்காவுக்கு,

நான் இங்கே திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஊரில் இருந்த நாற்பது நாளும் உன்னோடு பேசவில்லை. பேசினால் கை நீண்டுவிடும் என்று பயந்தேன். அதனால் எழுதுகிறேன். உன் கடிதம் என் கைக்கு வந்தது நவம்பர் இருபத்திரண்டாம் தேதி. காஜா மொய்தீன் அண்ணன் போனில், எல்சி போயிடுச்சுப்பா என்று சொன்னது இருபதாம் தேதி. இருபத்தொன்றில் காசிமேட்டில் மண் போட்டீர்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடமிருந்து வாங்கி நான் வந்து இறங்கியது இருபத்தைந்து. அவளுக்கு என்ன வியாதி என்றே அவள் செத்து இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். நீ ஒரு போன் போட்டிருந்தால் மூச்சு இருக்கும்போது பார்த்திருப்பேன். அதைக்கூட நீ எழுதி ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போட்டாய்.

சொல்லாதே என்று நான்தான் எழுதினேன், ஒத்துக்கொள்கிறேன். யாரோ ஒருத்தன் பெண்டாட்டி என்று நினைத்து எழுதினேன். யாரோ ஒருத்தன் பெண்டாட்டிக்கு அது போதும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது பார், அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இல்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை.

இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு. ஹெப்சியை உன்னிடம் விடமாட்டேன் என்று சொல்லி சைமன் மச்சான் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வருகிறது, இருமுகிறாள் என்று மச்சான் எழுதியிருக்கிறார். அவருக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்த வேறு ஆளும் கிடையாது. நீ போய் அவளைக் கூட்டிக்கொண்டு போ. பகலில் கூட்டிக்கொண்டு போ, முன்வாசல் வழியாக, யார் கேட்டாலும் என்ன வியாதி என்று சொல்லு. மாத்திரை கொடுத்தால் வாயைத் திறக்கச் சொல்லு. நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாரு. நீயே பாரு.

அருள்பிரகாசம்


ராயபுரம்
3.3.2003

தம்பிக்கு,

உன் கடிதம் பிப்ரவரி இருபதாம் தேதி வந்தது. அன்றைக்கே எண்ணூருக்குப் போனேன். நீ உடனே தெரிந்துகொள்ளவேண்டியதை வெள்ளிக்கிழமை போனிலேயே சைமன் உனக்குச் சொல்லிவிட்டார். ஹெப்சிக்கும் அதுதான். வலது பக்கம் மேலே ஒரு நிழல், சளியில் கிருமி இருக்கிறது. தாயிடமிருந்து வந்த கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிய இரண்டு மாதம் ஆகும். அதுவரைக்கும் வழக்கமான மருந்துதான். நல்ல சேதி என்று எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

என் கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். டாக்டர் செல்வநாதன், "ஒரு கேஸுதானேம்மா, விட்டுடேன்" என்றார். ஒன்றா என்று பார்த்துவிடலாம் சார் என்று, டிசம்பரிலிருந்து மற்ற இருபத்தொரு பேர் வீட்டுக்கும் திரும்பப் போனேன். இந்த முறை பை இல்லாமல், கார்டு இல்லாமல் போய் உட்கார்ந்தேன். எல்சி கதையை முதலில் நான் சொன்னேன், பிறகு அவர்கள் சொன்னார்கள். ஏழு பேர் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஏழு பேருக்கும் பொதுக் கக்கூஸ். இரண்டு பேருக்குத் திரும்ப வந்துவிட்டது. புளியந்தோப்பில் ஒருத்தி வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு போய்விட்டாள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு மேலே அனுப்பிவைத்தார். எனக்கு மெமோ வந்திருக்கிறது. விசாரணை முடியும்வரை நான் எந்தக் கார்டிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

அதனால் நீ சொன்னதில் ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. மாத்திரை கொடுப்பது காஜா மொய்தீன் அண்ணன். மெமோ இல்லாவிட்டாலும் அவரிடம்தான் விட்டிருப்பேன்.

இன்று திங்கட்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, முன்வாசல் வழியாகத்தான் போனோம். க்யூவில் ராஜாத்தியம்மாவின் மருமகள் நின்றிருந்தாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. ஹெப்சி மூன்று மாத்திரையையும் ஒவ்வொன்றாக விழுங்கினாள். அண்ணன் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு டிக் போட்டார். நான் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் நேராக என்னிடம் வந்து நின்றாள். "அத்த, நீயும் பாக்கணும்னு அப்பா சொல்லிக்கீறாரு" என்று வாயைத் திறந்தாள். அண்ணன் பார்த்துவிட்டார், போதும் என்றேன். அவள் மூடவில்லை. வாய் திறந்தபடியே நின்றாள், எச்சில் வழிந்தது, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குனிந்து பார்த்தேன் அருள். மாத்திரை உள்ளே போயிருந்தது. அடுத்த வேளை புதன்கிழமை, அன்றைக்கும் போவோம்.

ஐரீன்